ராம் சிங் வீசிய ஓவர்கள்: தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு கிரிக்கெட் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் தென்மாவட்டத்து ஸ்கோரர். முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்கோர் எழுதியிருக்கிறேன். லீக் ஆட்டம், பள்ளிக்கூட ஆட்டம், கோயில் கொடை சமயத்தில் நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டி என்று எதையும் விட்டதில்லை. நான் மட்டை பிடித்ததும் பந்து போட்டதும் கொஞ்ச நாள்தான். எல்லைக் கோட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில், ஆட்டம் கொடுக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பென்சில் பிடித்ததுதான் என் கிரிக்கெட். அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்க வருகிறேன்: நம் பழைய ஆட்டங்களின் ஸ்கோர் புக்குகளைத் தேடிப் பாதுகாக்க வேண்டும்.

சில வருஷத்துக்கு முன்னால் நத்தத்தில், மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு பையன், பதினாலு வயசு இருக்கும். கையில் ஒரு பழைய பந்தை வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். இடது கை. ஆள்காட்டி விரலின் உள்பக்க ஓரத்தில், தையல் உரசி உரசித் தோல் காய்த்துப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் என்ன போடுகிறான் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "சாய் கிஷோர் மாதிரி போடணும் தாத்தா" என்றான்.

"இந்த ரஞ்சிக் கோப்பையோட முதல் ஆட்டத்திலேயே 11 விக்கெட் எடுத்தவர் உன்னை மாதிரி இடக்கை ஸ்பின்னர்தான். நம்ம மெட்ராஸ்காரர், ராம் சிங்" என்றேன்.

"சிங்கா? நம்ம டீம்லயா?" என்று கண்ணை விரித்தான். அப்புறம் சரசரவென்று கேள்விகள் வந்தன. எந்த எண்டுல இருந்து போட்டார்? முதல் விக்கெட் எத்தனாவது ஓவர்ல? யாராவது அவரை அடிச்சாங்களா? அடிச்சதுக்கு அடுத்த பால் எப்படிப் போட்டார்?

விக்கெட், ரன் கணக்கெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அவன் கேட்டது கணக்கு இல்லை. ஒரு பந்துவீச்சாளன் இன்னொரு பந்துவீச்சாளனைப் பற்றிக் கேட்டான். பதில் சொல்ல முடியாமல் நான் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மடல் அங்கே தொடங்கியது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். மெட்ராஸும் மைசூரும் ஆடின. ரஞ்சிக் கோப்பை என்று இன்று நாம் சொல்லும் போட்டியின் முதல் ஆட்டம் அது. முதல் பந்தை மெட்ராஸின் எம்.ஜே. கோபாலன் வீசினார், மைசூரின் கர்ட்டிஸ் எதிர்கொண்டார். மைசூர் 48 ரன்னில் சுருண்டது. மெட்ராஸ் 130. மைசூர் மறுபடி இறங்கி 59. இன்னிங்ஸும் 23 ரன்னும் வித்தியாசத்தில் மெட்ராஸ் வென்றது. எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. 30 விக்கெட்டும் அன்று பொழுது சாய்வதற்குள் விழுந்தன.

அவற்றில் 11 விக்கெட் ஏ.ஜி. ராம் சிங்குடையது. முதல் இன்னிங்ஸில் 19 ரன்னுக்கு 6, இரண்டாவதில் 16 ரன்னுக்கு 5. மொத்தம் 35 ரன் கொடுத்து 11 பேரை அனுப்பினார். அப்போது அவருக்கு வயது 24.

பெயரில் உள்ள 'ஏ' அமிர்தசரஸ். குடும்பத்தின் வேர் அங்கே இருந்தாலும் அவர் பிறந்தது மெட்ராஸில், 1910-ல். தலைப்பாகை கட்டிய சென்னைக்காரர். பந்துவீச்சாளர் மட்டும் இல்லை, மட்டையிலும் கெட்டி. ரஞ்சியில் 1000 ரன்னும் 100 விக்கெட்டும் சேர்த்த முதல் ஆட்டக்காரர் அவர்தான். முதல்தர ஆட்டங்களில் 250-க்கு மேல் விக்கெட், 3000-க்கு மேல் ரன். ஆனால் இந்தியாவுக்காக ஒரு அதிகாரபூர்வ டெஸ்ட்கூட ஆடவில்லை.

ஏன் என்று கேட்டால் பலர் தேர்வாளர்களைக் கை காட்டுவார்கள். நான் காலண்டரைக் காட்டுவேன். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் இந்தியா ஆடிய டெஸ்ட்கள் மொத்தமே ஏழு. 1932-ல் லார்ட்ஸில் ஒன்று, 1933-34-ல் இங்கிலாந்து இங்கே வந்தபோது மூன்று, 1936-ல் இங்கிலாந்தில் மூன்று. 1936 ஆகஸ்டில் ஓவல் டெஸ்ட் முடிந்தது. அடுத்தது 1946 ஜூனில்தான். நடுவில் பத்து வருஷம் ஒன்றுமே இல்லை. ராம் சிங்குக்கு 26 வயதில் மூடிய கதவு, அவருடைய 36-வது வயதில் திறக்கிறது. சுழற்பந்துக்காரன் தன் கையை முழுசாகப் புரிந்துகொள்ளும் வயது அந்தப் பத்து வருஷம்தான். அந்த வருஷங்கள் அவருக்கு மெட்ராஸ் அணியோடும், பொங்கலையொட்டி இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதிய மாகாண ஆட்டத்தோடும் கழிந்தன. அவருடைய கிரிக்கெட் வாழ்க்கை என்றால் இந்த ஆட்டங்கள்தான். அதனால் இவற்றின் பதிவுகள் நமக்கு அவ்வளவு முக்கியம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே 1934-ல், அதே சேப்பாக்கத்தில், பிப்ரவரி மாதம் ஒரு டெஸ்ட் நடந்தது. இந்த மைதானத்தின் முதல் டெஸ்ட். இங்கிலாந்தின் ஹெட்லி வெரிட்டி முதல் இன்னிங்ஸில் 49 ரன்னுக்கு 7, இரண்டாவதில் 104 ரன்னுக்கு 4 என்று 11 விக்கெட் எடுத்தார். அவரும் இடக்கை சுழற்பந்துக்காரர். ஒன்பது மாதம் கழித்து அதே மண்ணில் நம் இடக்கைக்காரர் 11 விக்கெட் எடுக்கிறார். 1952-ல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் இங்கேதான். அதில் வினு மன்கட் 12 விக்கெட் எடுத்தார், அவரும் இடது கை. பதினெட்டு வருஷத்துக்குள் ஒரே மைதானத்தில் மூன்று இடக்கை ஸ்பின்னர்கள். எந்தக் காற்று, எந்த முனை, எந்தப் பிட்ச் இவர்களுக்குக் கை கொடுத்தது? சேப்பாக்கத்தில் இன்று பந்து போடும் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்க வேண்டிய கேள்வி இது.

வெரிட்டியைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்த ஒரு வரி உண்டு. 1932-ல் யார்க்ஷயர் அணிக்காக நாட்டிங்ஹாம்ஷயருக்கு எதிராக லீட்ஸில் அவர் வீசியது: 19.4 ஓவர், 16 மெய்டன் (ரன்னே போகாத ஓவர்), 10 ரன், 10 விக்கெட். இந்த நாலு எண்ணையும் படித்துப் பாருங்கள். ஆளை நேரில் பார்த்த மாதிரி இருக்கும். 16 மெய்டன் போட்டவன் எவ்வளவு பொறுமைக்காரன், எத்தனை பேரை அசையவிடாமல் பிடித்து வைத்திருப்பான் என்பதெல்லாம் அந்த வரியிலேயே இருக்கிறது. அதுவும் ஒரு கவுன்டி ஆட்டம்தான், டெஸ்ட் இல்லை. அங்கே கவுன்டி என்றால் இங்கே மாகாணம். வட்டார ஆட்டம்தானே என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

ஸ்கோர்கார்டு வேறு, ஸ்கோர் புக் வேறு. இதை ஒரு ஸ்கோரராக நான் அழுத்திச் சொல்ல வேண்டும். 1934 ஆட்டத்தின் ஸ்கோர்கார்டை இன்று யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் எடுத்துப் பார்க்கலாம். யார் எத்தனை ரன், யாரிடம் அவுட், மொத்தம் எவ்வளவு என்று அது சொல்லும். பந்துவீச்சாளன் பட்ட பாடு ஸ்கோர் புக்கில்தான் இருக்கும்.

என் புத்தகம் ஒன்றில் இருக்கும் ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். பவுலர் பெயருக்கு நேரே ஓவருக்கு ஒரு கட்டம். ரன் போகாத பந்துக்கு ஒரு புள்ளி. ஆறும் புள்ளியானால் அவற்றைக் கோடிட்டு இணைத்து ஆங்கில 'எம்' எழுத்தாக்குவோம், அது மெய்டன். விக்கெட்டும் விழுந்து ரன்னும் போகாவிட்டால் அதே புள்ளிகளை 'டபிள்யூ' ஆக்குவோம். நான் சொல்லும் பக்கத்தில் ஒரு இடக்கைப் பையனின் ஏழாவது ஓவர் இருக்கிறது. புள்ளி, புள்ளி, 4, புள்ளி, 4, விக்கெட். ஸ்கோர்கார்டில் இது வெறும் 8 ரன், ஒரு விக்கெட். கட்டத்தைப் பார்த்தால் தெரியும், இரண்டு முறை அடி வாங்கியும் அவன் பந்தைத் தூக்கிப் போடுவதை நிறுத்தவில்லை. கடைசிப் பந்தையும் காற்றில் மிதக்கவிட்டான், அடிக்க வந்தவன் ஸ்டம்பிங் ஆனான். ஓரத்தில் பென்சிலில் 'காற்று கிழக்கே' என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது, மளிகைக் கடை வைத்திருக்கிறான். போன வருஷம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். விரலால் அந்தக் கட்டத்தைத் தடவிக்கொண்டே நின்றான். கடைக்கு வந்தவர்களைக் கொஞ்ச நேரம் கவனிக்கவே இல்லை.

பந்துவீச்சாளர்களுக்கு இந்தக் குறை ரொம்பப் பழையது. இங்கிலாந்தில் 1744-ல் கென்ட் அணி ஆடிய ஆட்டத்தின் ஸ்கோர் இன்றும் இருக்கிறது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க காலம் வரைகூட, பேட்ஸ்மேன் கேட்ச் ஆனால் பிடித்தவர் பெயரை மட்டும்தான் எழுதினார்கள், பந்து போட்டவர் பெயர் இருக்காது. ஸ்டம்பைச் சாய்த்தால்தான் அவனுக்குப் பேர். நம் நாட்டிலும் ரன் அடித்தவர்களை ஊர் மறப்பதில்லை. ராம் சிங் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மகன் கிருபால் சிங் 1955-ல் ஹைதராபாத்தில் நியூஸிலாந்துக்கு எதிரான தன் முதல் டெஸ்ட்டிலேயே சதம் அடித்தார் என்பது பலருக்கும் ஞாபகம் இருக்கிறது. மெட்ராஸ் முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையைத் தூக்கியதும் அதே 1955-ல்தான், இந்தூரில் ஹோல்கர் அணியை வென்று. இன்னொரு மகன் மில்கா சிங்கும் இந்தியாவுக்கு ஆடினார் (ஓட்டக்காரர் மில்கா சிங் வேறு). பேரன் அர்ஜன் கிருபால் சிங் 1988-89-ல் கோவாவுக்கு எதிராக 302 அடித்து அவுட் ஆகாமல் நின்றார். அதே இன்னிங்ஸில் டபிள்யூ.வி. ராமன் 313. தமிழ்நாடு 6 விக்கெட்டுக்கு 912. இந்த எண்களை டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். இவர்களுக்கெல்லாம் மூத்தவர், பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுத்தவர், 35 ரன்னுக்கு 11 விக்கெட் எடுத்தவர். அவரைச் சொன்னால் 'சிங்கா?' என்று ஒரு பையன் கேட்கிறான். பையன் மேல் தப்பில்லை.

ராம் சிங்கோடு இது முடியவும் இல்லை. எஸ். வாசுதேவனும் இடக்கை ஸ்பின்னர்தான். 1987-88-ல் தமிழ்நாட்டுக்கு இரண்டாவது ரஞ்சிக் கோப்பையை வாங்கித் தந்த கேப்டன். அவரும் டெஸ்ட் ஆடவில்லை. லெக் ஸ்பின்னர் வி.வி. குமார் ரஞ்சியில் மட்டும் 400-க்கு மேல் விக்கெட் எடுத்தார். டெஸ்ட் என்று கணக்குப் பார்த்தால் இரண்டே இரண்டு. இவர்கள் எல்லாரும் பெரும்பாலும் மாநில அணிக்குச் சொந்தமானவர்கள். டெஸ்ட் ஆடியவனின் கணக்கை உலகமே பாதுகாக்கும். மாநிலத்துக்கு மட்டும் ஆடியவனுக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

கோபாலனையும் இங்கே நினைக்கிறேன். முதல் பந்தைப் போட்ட அவர் ஹாக்கியிலும் பெரிய ஆட்டக்காரர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போவதா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணத்துக்குப் போவதா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பயணத்தில் அவருக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. இந்தக் கதையைக் கேட்டு 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அவர் வீசிய அவுட்ஸ்விங்கரைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு ஒரு பக்கம் வேண்டாமா?

என் கண் முன்னால் நடந்ததை ஒன்று சொல்லியாக வேண்டும். நான் ஸ்கோர் எழுதிய கிளப் ஒன்றில், மரப் பீரோ நிறைய ஸ்கோர் புக் இருந்தது. என் காலத்துக்கு முன்னால் எழுதியவர்களின் கையெழுத்தும் அதில் இருந்தது. மைப் பேனாவில், பவுலருக்கு ஒரு நிறம் என்று எழுதியிருப்பார் ஒருவர். பொங்கலுக்கு அறைக்கு வெள்ளையடித்தார்கள். பீரோவில் அடித்தட்டு கரையான் பிடித்திருந்தது. பாதிக்கப்பட்டதோடு நல்லதையும் சேர்த்து மூட்டையாகக் கட்டி எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் போய்க் கேட்டபோது, "பழைய நோட்டுதானே அண்ணாச்சி" என்றார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. பேப்பர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் அதற்குள் லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்படி எத்தனை பீரோக்கள் இந்த மாநிலத்தில் இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

2034 நவம்பர் 4 சனிக்கிழமை. ரஞ்சியின் முதல் ஆட்டத்துக்கு அன்று நூறு வயது. சேப்பாக்கத்தில் விழா எடுப்பீர்கள், எடுக்கவும் வேண்டும். நான் கேட்பது அந்த நாளுக்காக அல்ல, அதற்கு முன்னால் இருக்கும் வருஷங்களுக்காக. மெட்ராஸ் மாகாண காலத்திலிருந்து உங்கள் வசம் இருக்கும் ஸ்கோர் புக், ஆட்டக் குறிப்பு, புகைப்படம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடுங்கள். பழைய ஆட்டக்காரர்களின் குடும்பங்களையும் மாவட்டச் சங்கங்களையும் கல்லூரிகளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பரணில் இருப்பதைக் கொடுக்க மனம் இல்லாவிட்டால், வாங்கி, படம் எடுத்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள். ஸ்கோர் புக் கிடைக்காத ஆட்டத்துக்குப் பத்திரிகை இருக்கிறது. 'தி இந்து'விலும் 'சுதேசமித்திர'னிலும் வந்ததைக் கன்னிமாரா நூலகத்திலும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் ஆள் உட்கார்ந்து தேடலாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு தனி மனிதர் தன் சொந்த முயற்சியில் புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் சேர்த்து வைத்ததால்தான் இன்று ஒரு பெரிய நூலகமே நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒருவரால் முடிந்தது ஒரு சங்கத்தால் முடியாதா?

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஓய்வுபெற்ற ஸ்கோரர்களும் அம்பயர்களும் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறோம். பழைய கையெழுத்தைப் படிக்கவும், புள்ளிக்கும் பூச்சி எச்சத்துக்கும் வித்தியாசம் சொல்லவும் எங்களுக்குத் தெரியும். கூப்பிட்டால் வருவோம். சம்பளம் கேட்கமாட்டோம், மதியச் சாப்பாடு போட்டால் போதும்.

இப்போது நடக்கும் ஆட்டங்களையும் கொஞ்சம் கவனியுங்கள். மாவட்டங்களில் இன்று பிள்ளைகள் கைப்பேசிச் செயலியில் ஸ்கோர் ஏற்றுகிறார்கள். வேகம், சுத்தம், கூட்டல் பிழை இல்லை, எல்லாம் சரி. ஆனால் கைப்பேசி மாறினால், கணக்கு மறந்தால் அந்த சீசனே போய்விடும். சீசன் முடிந்ததும் எல்லா மாவட்டத்திலிருந்தும் ஒரு பிரதி உங்களுக்கு வந்து சேர வேண்டும் என்று விதி போடுங்கள். தமிழ்நாட்டின் அடுத்த ராம் சிங் இப்போது ஏதாவது ஒரு நாலாம் டிவிஷன் ஆட்டத்தில் பந்து போட்டுக்கொண்டிருப்பான். அவன் போட்ட முதல் ஓவர் நம்மிடம் இருக்கட்டும்.

பையனுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவனுடைய பயிற்சியாளரின் நம்பர் என்னிடம் உண்டு.

என் வீட்டுத் தகரப் பெட்டியில் பதினொரு ஸ்கோர் புக் இருக்கின்றன. நடுநடுவே வேப்பிலை போட்டு, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். மூன்றின் அட்டை கிழிந்துவிட்டது, பக்கங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. எந்தத் தேதியில், எந்த அறைக்குக் கொண்டு வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். ராத்திரி பஸ் ஏறினால் காலையில் சேப்பாக்கம் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
தென்மாவட்டத்து ஸ்கோரர் ஒருவன்